நத்தை ஓட்டில் நீலப் புள்ளி

என் தம்பி ஆம்ப்ரோஸ் விட்கூம் தனக்கு வரும் கடிதங்களைச் சேர்த்து வைப்பதில்லை. வெட்டி வைக்கிறான். இதைக் கேட்கும் விருந்தாளிகள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைத்தான் பார்ப்பார்கள். கத்தரிக்கோல் என்னிடம் இருக்கிறது.

காரணம் எளியது. இயற்கையை ஆராய்கிறவனுக்கு நாடு முழுவதிலிருந்தும் கடிதம் வரும். டெவனிலிருந்து ஒரு பாதிரியார் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் வௌவால், இரண்டாவதில் தவளை முட்டை, மூன்றாவதில் மனைவியின் இருமல், நாலாவதில் மறுபடியும் வௌவால். இந்தக் கடிதத்தை எங்கே வைப்பது? பாதிரியாரின் பெயரில் வைத்தால், ஐந்து வருடம் கழித்துத் தவளையைப் பற்றி எழுத உட்காரும்போது அதைச் சொன்னது யார் என்று ஆம்ப்ரோஸுக்கு நினைவிருக்காது. ஆகவே வௌவால் பத்தியை வெட்டி வௌவால் கட்டுக்குள் வைக்கிறோம். தவளைப் பத்தியைத் தவளைக் கட்டுக்குள். அவனுடைய படிப்பறைச் சன்னலுக்குப் பக்கத்தில் முப்பத்து நாலு அட்டைக்கட்டுகள் இருக்கின்றன. புதிதாக ஒரு கட்டுரை எழுத வேண்டுமானால் ஒரு கட்டைப் பிரித்தால் போதும், இங்கிலாந்து முழுவதும் அவனோடு பேச ஆரம்பித்துவிடும்.

இதற்கு ஒழுங்கு உண்டு. முதலில் ஆம்ப்ரோஸ் கடிதத்தைப் படித்து, வேண்டிய பத்திகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போடுவான். பிறகு அதற்குப் பதில் எழுதுவான். அதன் பிறகுதான் கடிதம் என் மேசைக்கு வரும். நான் காகிதத்தின் மறுபக்கத்தையும் பார்ப்பேன். அங்கேயும் கோடு இருந்தால், வெட்டுவதற்கு முன் அதை வேறு தாளில் பெயர்த்து எழுதிக்கொள்வேன். வெட்டிய ஒவ்வொரு துண்டின் மூலையிலும் எழுதியவர் பெயரையும் தேதியையும் சிவப்பு மையால் குறிப்பேன். மறுபக்கம் வேண்டாததாக இருந்தால் துண்டை அட்டையில் பசைபோட்டு ஒட்டிவிடுவேன். மிச்சம் இருப்பவை, அதாவது வணக்கம், வானிலை, மூட்டுவலி, ஆசீர்வாதம், கையொப்பம் எல்லாம் கூடைக்குப் போகும். கூடை சமையலறைக்குப் போகும். எங்கள் சமையற்காரி டாபிதா அவற்றை விரல் அகலத்துக்குக் கிழித்து, சாய்வாகச் சுருட்டி, வாலை மடித்துத் திரிகளாக்கிவிடுவாள். அடுப்புத் தீயிலிருந்து மெழுகுவர்த்திக்கும் ஆம்ப்ரோஸின் புகைக்குழாய்க்கும் நெருப்பைக் கொண்டுபோக அந்தத் திரிகள்தான். ஒவ்வொரு அறையிலும் கணப்புக்கு மேலே ஒரு ஜாடி நிறைய நிற்கும்.

பதினோரு வருடம் இந்த ஏற்பாடு ஒரு குறையுமில்லாமல் ஓடியது. 1866 பிப்ரவரியில்தான் லண்டனிலிருந்து அந்தக் கடிதம் வந்தது.

ஆம்ப்ரோஸ் விரியன் பாம்பைப் பிடித்தவன்போல அதைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய இடது கால் கட்டுப்போட்டு முக்காலியின் மேல் இருந்தது. மூட்டுவாதம் அவனை வருடத்துக்கு இரண்டு முறை அப்படி உட்கார வைத்துவிடும்.

"லாங்ஸ்டாஃப் எழுதியிருக்கான் அக்கா. கேக்கறியா?" என்றான்.

"நல்ல செய்தின்னா சத்தமா படி. இல்லன்னா நீயே சுருக்கிச் சொல்லு."

"சுருக்கமா சொன்னா, என்னைப் பொய்யன்னு சொல்றான். ரொம்ப மரியாதையா."

விஷயம் இதுதான். சுண்ணாம்புக் குன்றுகளில் ஒரு சிறு தேனீ இருக்கிறது. கூட்டமாக வாழாது, தனியாகவே வாழும். வசந்த காலத்தில் காலியான நத்தை ஓடு ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் உள்சுருளில் மகரந்தமும் தேனும் சேர்த்து முட்டையிடும். மென்ற இலையால் தடுப்பு கட்டி, வாய்ப்பக்கத்தைச் சுண்ணாம்புக் கற்களால் அடைக்கும். கடைசியில் ஓட்டின் வாய் தரையைப் பார்க்கும்படி கிடக்கும். மேலே காய்ந்த புற்கள் கூரைபோல் போட்டிருக்கும். ஓடு அப்படிக் குப்புற எப்படி வந்தது? தேனீதான் திருப்புகிறது என்று, லண்டனில் உள்ள இயற்கை ஆய்வாளர் சங்கத்துக்கு அனுப்பிய கட்டுரையில் ஆம்ப்ரோஸ் எழுதியிருந்தான். எங்கள் ஊர் களிமண் பூமி. அந்தத் தேனீ இங்கே கிடையாது. ஆகவே தோட்டக்காரர்களுக்கான ஒரு வாரப் பத்திரிகையில், பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள் என்று போன கோடையில் கேட்டிருந்தான். பார்த்த ஒரே ஒருவரின் சொல்லை வைத்துத்தான் கட்டுரையின் மையம் நின்றது. அந்த ஒருவரை 'நம்பத் தகுந்த ஒரு பார்வையாளர்' என்று மட்டும் குறிப்பிட்டிருந்தான்.

கட்டுரையைப் பரிசீலிக்கும் மிஸ்டர் லாங்ஸ்டாஃப் கேட்பது நியாயமாகவே இருந்தது. ஒரு தேனீ தன்னைப்போல் இருபது மடங்கு எடையைத் திருப்புகிறது என்பதைவிட, காற்று உருட்டியது என்பதை நம்புவது எளிது. பார்த்தவர் யார்? அவர் கையெழுத்திட்ட வாக்குமூலம் மார்ச் எட்டாம் தேதிக்குள் வராவிட்டால், சங்கத்தின் வாசிப்புப் பட்டியலிலிருந்து கட்டுரையை எடுத்துவிட வேண்டியிருக்கும்.

"அதனால என்ன? உன் சிவப்பு மை எதுக்கு இருக்கு? பேரைப் பாத்துச் சொல்லு, இன்னிக்கே எழுதிடறேன்" என்றான் ஆம்ப்ரோஸ்.

தனித்தேனீக் கட்டை எடுத்துப் பிரித்தேன். அந்தத் துண்டு மேலேயே இருந்தது. மலிவான நீலநிறக் காகிதம், ஞாயிறு பள்ளியில் எழுதக் கற்றவர்களின் உருண்டை எழுத்து.

'ஓட்டின் வாய்க்கு நேர் எதிரே, முதுகில், துணிக்குப் போடும் நீலத்தால் ஒரு புள்ளி வைத்தேன். ஒன்பது மணிக்குப் புள்ளி என் கதவைப் பார்த்தது. பத்து மணிக்கு வேலியைப் பார்த்தது. பதினொன்றரைக்கு வானத்தைப் பார்த்தது. வாய் தரைக்குப் போய்விட்டது. தேனீ தூக்கவில்லை. ஒரு பக்கத்து மண்ணைக் காலால் பறித்துத் தள்ளிவிட்டு, மறுபக்கம் போய்த் தலையால் முட்டியது. ஓடு பள்ளத்துக்குள் சாய்ந்துகொண்டது. காற்று இல்லை. கொடியில் என் துணிகள் அசையாமல் தொங்கின.'

மூலையில் தேதி இல்லை. பெயர் இல்லை.

"பேரு இல்ல ஆம்ப்ரோஸ்."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்ல. நான் எழுதல."

அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டு, "வருஷம் பதினொண்ணு" என்றான். அவ்வளவுதான். எங்கள் ஏற்பாட்டின் வருடங்களைச் சொன்னானா, அந்தத் தேனீக்காக அவன் செலவழித்த வருடங்களைச் சொன்னானா தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதான்.

எப்படி நடந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும். போன ஜூலையிலும் அவனுக்கு மூட்டுவாதம். மூன்று வாரம் படுக்கையில் கிடந்தான். பத்திரிகை அறிவிப்பைப் பார்த்து நாற்பது கடிதங்கள் வந்து குவிந்தன. படுத்தபடியே, தேனீ வரும் இடங்களை மட்டும் தேடிப் பென்சில் கோடு போட்டான். பதில் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று அப்படியே என்னிடம் கொடுத்தான். நானும் பதில் போவதற்கு முன்பே வெட்டினேன். அன்று சிவப்பு மை காய்ந்துபோயிருந்தது. பெயர்களை நாளைக்கு எழுதலாம் என்று நினைத்தேன். மறுநாள் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து முப்பத்தொன்பது துண்டுகளுக்குப் பெயர் எழுதினேன். ஒன்று மட்டும் யாருடையது என்று நினைவு வரவில்லை. நினைவு வரும் என்று வைத்தேன். அது வரவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, அட்டையில் ஒட்டிக் கட்டுக்குள் சொருகிவிட்டேன்.

துண்டை அட்டையிலிருந்து எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பின்பக்கத்தில் ஏதாவது இருக்கும். சமையலறையில் கெண்டியின் மூக்கில் ஆவி நன்றாக வரும்வரை காத்திருந்து, அட்டையை அதன்மேல் பிடித்தேன். மாவுப்பசைக்கு ஆவி பட்டால் போதும், ஐந்து நிமிடத்தில் தளர்ந்துவிடும்; ஆனால் அவசரப்பட்டால் எழுத்து அட்டையோடு போய்விடும். ஒரு மூலையிலிருந்து கத்தியின் மழுங்கிய பக்கத்தால் தூக்கித் தூக்கி எடுத்தேன்.

பின்பக்கத்தில் தொடக்கமும் முடிவும் இல்லாமல் சில வரிகள் இருந்தன.

'...வெட்டிவிடுவார்கள். ஓடுகள் எல்லாம் அந்த மேட்டின் தெற்குப் பக்கத்தில்தான் கிடக்கின்றன, நாற்பதுக்குக் குறையாது. மார்ச் மாதத்துக்கு முன்னால் உங்கள் கையால் ஒரு வரி அவர்களுக்குப் போனால் நிறுத்துவார்கள் என்று நினைக்கிறேன். பெரியவர்கள் சொன்னால்தான்...'

அதோடு கத்தரிக்கோல் போயிருந்தது. என் கத்தரிக்கோல்.

டாபிதா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னம்மா, உங்களுக்கு யாராவது செத்துட்டாங்களா?" என்றாள்.

"யாரோ ஒருத்தர் நம்மகிட்ட உதவி கேட்டிருக்காங்க டாபிதா. ஏழு மாசம் முன்னாடி. நாம அதைப் பசை போட்டு ஒட்டிட்டோம்."

"நாமன்னு என்னைச் சேக்காதீங்க. எனக்குப் படிக்கவே தெரியாது."

"ஜூலை மாசத்துக் காகிதம் எதாவது மிச்சம் இருக்குமா?"

"இந்த வீட்ல நேத்திக்கு ரொட்டியே மிச்சம் இருக்காது." பிறகு கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "இருங்க. கூடையை நான் ஒரு பெட்டியில கொட்டி வெப்பேன். மேல இருக்கறத எடுத்துச் சுருட்டுவேன். அடியில என்ன கிடக்குதுன்னு யாரு குனிஞ்சு பாக்கறது? கிறிஸ்துமஸுக்குப் பெட்டி வேணும்னு மொத்தமா காலி பண்ணி எல்லாத்தையும் ஒரே மத்தியானத்துல சுருட்டினேன். ஜாடிங்கள்ல சொருகியிருக்கேன்."

அவளுடைய சோம்பலை நான் அன்றுதான் முதன்முதலாக மனதாரப் பாராட்டினேன். புதியது முதலில் எரிகிறது. பழையது அடியில் தங்குகிறது. அடியில் தங்கியவை டிசம்பரில்தான் திரியாயின. ஆகவே ஜூலைக் கடிதங்களில் ஒரு பங்காவது இன்னும் ஜாடிகளில் இருக்க வேண்டும்.

படிப்பறைக்கு ஓடினேன். ஆம்ப்ரோஸ் ஒரு திரியைக் கணப்பில் பற்றவைத்துப் புகைக்குழாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான்.

"அணை! ஆம்ப்ரோஸ், ஊதி அணை!"

"என்னக்கா, வீடு பத்திக்கிச்சா?"

"உன் சாட்சி பத்திக்கிட்டு இருக்கான்!"

அவன் பதறி ஊதினான். அந்தத் திரியில் இருந்தது சாட்சி இல்லை. நாரிட்ஜிலிருந்து ஒருவர் உர விலையைப் பற்றி எழுதியிருந்தார். ஆனால் அன்று மாலை வரை அவனுக்குப் புகைக்குழாய் கிடையாது என்று ஜாடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று ஜாடிகளிலும் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு திரிகள். சமையலறை மேசையில் பழைய விரிப்பைப் போட்டு வேலையை ஆரம்பித்தோம். திரியை வெறுமனே பிரித்தால் கையை விட்டதும் மறுபடி சுருண்டுகொள்ளும். அதனால் டாபிதா ஒவ்வொன்றையும் ஆவியில் காட்டிப் பிரித்தாள்; நான் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினேன். வெள்ளைக் காகிதத்தை ஒரு பக்கம், மஞ்சளை ஒரு பக்கம், நீலத்தை என் முன்னால் வைத்துக்கொண்டேன்.

"பத்து வருஷமா இதைச் சுருட்டறேன்," என்றாள் டாபிதா. "பிரிக்கறதுக்கும் நானேதான். இதுக்குப் பேசாம என்னை ஒரு குளத்தைத் தோண்டி மூடச் சொல்லியிருக்கலாம்."

"உன்னால ஒரு பெரிய அறிவியல் கட்டுரை பிழைக்கும்."

"பிழைச்சா அதுல என் பேரு வருமா?"

அடுத்த திரியை இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். அந்தக் கேள்வி அன்று அந்த மேசையில் கொஞ்சம் சுடத்தான் செய்தது.

நீலத்தில் பதினேழு துண்டுகள் தேறின. எந்தத் துண்டு எதனோடு சேரும் என்பதை எழுத்தை வைத்துச் சொல்வதைவிட வெட்டு ஓரத்தை வைத்துச் சொல்வது எளிது. கத்தரிக்கோல் நேராகப் போவதுபோல் தோன்றினாலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளையும். என் கை வலப்பக்கம் மேலே ஏறும். அந்த வளைவும், டாபிதாவின் கிழிசலும், ஓரத்தில் பாதியாக அறுபட்ட எழுத்துகளும் பொருந்தினால் அதுதான் ஜோடி. மூன்று மணிக்கு முதல் ஜோடி சேர்ந்தது. நாலரைக்குள் பதினேழு துண்டுகளும் என் துண்டைச் சுற்றி உட்கார்ந்துவிட்டன. 'தார்ன்ஹேங்கர் சுங்கச்சாவடி, வில்ட்ஷயர்' என்று ஒன்றில். 'கெசையா பின்னாக், சாவடி காப்பவள்' என்று ஒன்றில்.

ஒரே ஒரு துண்டின் நுனி கருகியிருந்தது. ஆம்ப்ரோஸ் அதைப் பாதி எரித்துவிட்டு, இன்னொரு முறைக்கு ஆகும் என்று ஜாடியில் திரும்ப வைத்திருக்கிறான். 'கடைசியாக எனக்கு ஒரு சந்தேகம், ஐயா. தேனீ ஏன்...' என்பதோடு அது நின்றது. மற்றதை அவன் போன மாதமோ அதற்கு முந்தைய மாதமோ புகைத்துவிட்டான்.

ஒட்டிச் சேர்த்த கடிதத்தை அவன் இரண்டு முறை படித்தான்.

"சாவடிக்காரம்மா!" என்றான். "நான் யாரோ ஓய்வுபெற்ற டாக்டர்னு நினைச்சேன்."

"டாக்டர் துணிக்கு நீலம் போடுவாரா?"

"இப்ப சொல்ற. சரி, உடனே எழுதறேன்."

"வேண்டாம். கடிதத்தாலதான் இவ்வளவும். நான் நேர்ல போறேன். மார்ச்சுக்கு இன்னும் மூணு நாள் இருக்கு."

மறுநாள் காலை ரயிலில் ஏறினேன். இறங்கிய நிலையத்திலிருந்து மாவு மூட்டை வண்டியில் ஆறு மைல். கடைசி ஒரு மைலை நடந்தேன். சாவடி எட்டுப்பக்கச் சுவரோடு ஒரு சிறிய வீடு. சாலையின் குறுக்கே வெள்ளைக் கதவு. வாசலில் ஒரு பெண் மடியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு டர்னிப் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். தலை நிமிரவில்லை.

"வண்டியா, குதிரையா, மாடா?"

"நடைதான்."

"நடைக்கு ஒண்ணும் கிடையாது. பக்கத்துச் சின்னக் கதவு வழியாப் போங்க."

"நான் போக வரல மிஸஸ் பின்னாக். உங்களைப் பாக்க வந்தேன். நான் மிஸ்டர் விட்கூமோட அக்கா, ஜெமைமா."

கத்தி நின்றது. என்னைத் தலையிலிருந்து சேறு படிந்த காலணி வரை பார்த்தாள். பிறகு மறுபடியும் சீவ ஆரம்பித்தாள்.

"ஏழு மாசம் ஆச்சு," என்றாள்.

"ஆமா."

"எங்க வீட்டுக்காரர் வண்டி ஓட்டறவரு. ஒவ்வொரு தடவை வரும்போதும், 'உன் தேனீக்காரர் பதில் போட்டாரா கெசையா'ம்பாரு. வழியில போற வண்டிக்காரன் எல்லாரும் கேப்பான். அவங்களுக்கு என்ன, பொழுது போகணும்."

"மேடு?"

அவள் கத்தியால் சாலைக்கு அந்தப் பக்கம் காட்டினாள். புல்மேட்டின் தெற்குப் பக்கம் முழுவதும் வெட்டுண்டு, பாலாடைக்கட்டியை அறுத்ததுபோல் வெள்ளையாக நின்றது. கதவை ஒட்டிப் பத்தடிக்குப் புல் மிச்சம் இருந்தது.

"சாலை போடறவங்க மார்ச்சுன்னுதான் சொன்னாங்க. ஜனவரியில பனி உறைஞ்சு வேற வேலை இல்லாமப் போச்சு, வந்துட்டாங்க. சாலைக்குக் கல்லு வேணுமில்ல? அவங்க மேல தப்பில்ல. நிறுத்துங்கன்னு சொல்ல நான் யாரு? அதுக்குத்தான் உங்க தம்பியைக் கேட்டேன்."

என்னிடம் தயாராக வைத்திருந்த மன்னிப்பு வாக்கியங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றும் அந்த வெள்ளை வெட்டுக்கு முன்னால் பேசத் தகுதியாக இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடியே சொன்னேன். பென்சில் கோடு, பதில் எழுதாத ஜூலை, காய்ந்த மை, பசை, திரி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். புகைக்குழாயைச் சொன்னபோது அவள் முகம் முதல்முறையாக மாறியது.

"என் கடிதத்தைப் புகைச்சுட்டாரா?"

"ஒரு மூணு வரி."

"நல்லா எரிஞ்சுதாமா?" என்று கேட்டாள். அதன் பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா நம்பவே மாட்டாரு."

மேசைக்கு அழைத்துப்போய் ரொட்டியும் பன்றிக்கறி வறுவலும் வைத்தாள். ஒட்டிச் சேர்த்த கடிதத்தை எடுத்து முன்னால் வைத்தேன். அவள் அதைக் கையில் எடுக்கவில்லை.

"நீங்க படிங்க. முழுசா. ஒருத்தராவது ஒரு தடவை முழுசாப் படிக்கட்டும்."

படித்தேன். தேனீயும் நீலப் புள்ளியும் கால் பங்குதான். மீதி, அவள் காலையில் கதவைத் திறந்துவிட்டு எங்கே உட்கார்ந்து பார்ப்பாள், எந்த வண்டி வந்தால் எழுந்து போக வேண்டியிருந்தது, திரும்பி வருவதற்குள் எவ்வளவு நேரம் போயிற்று என்பது. இதையெல்லாம் நாங்கள் வேண்டாதது என்று கூடையில் போட்டோம். ஆனால் எதைப் பார்த்தாள் என்பதோடு, எப்போதெல்லாம் பார்க்கவில்லை என்பதையும் அவள் எழுதியிருந்தாள். லாங்ஸ்டாஃப் கேட்பதும் இதைத்தான். 'தேனீ ஏன்...' என்ற இடத்தில் நிறுத்தினேன்.

"இதோட எரிஞ்சுபோச்சு. என்ன கேட்டீங்க?"

"வேற என்ன? எதுக்காக இவ்வளவு கஷ்டப்பட்டுத் திருப்புதுன்னு. வாயைத்தான் கல்லு போட்டு அடைச்சாச்சே. அது எந்தப் பக்கம் பாத்தா என்ன? உங்க தம்பிக்குத் தெரியுமா?"

ஆம்ப்ரோஸின் இருபத்திரண்டு பக்கக் கட்டுரை முழுவதும் எனக்கு மனப்பாடம். தேனீ திருப்புகிறது என்று அதில் இருக்கிறது. ஏன் என்பது இல்லை.

"தெரியாது," என்றேன்.

"நினைச்சேன். வாங்க."

வீட்டின் பின்புறம், தெற்குச் சுவரை ஒட்டி, திறந்த வெளியில் ஆப்பிள் அடுக்கும் தட்டுகள் இரண்டு இருந்தன. அவற்றில் மண்ணும் சுண்ணாம்புப் பொடியும் நிரப்பி, நத்தை ஓடுகளை வரிசையாக வைத்திருந்தாள். நாற்பத்தொன்று.

"பதில் வராதுன்னு செப்டம்பர்லயே தெரிஞ்சுபோச்சு. நானே பொறுக்கிட்டு வந்து வெச்சேன். எது எப்படிக் கிடந்துதோ அப்படியே. இது முப்பத்திரண்டும் வாய் கீழ." இரண்டாவது தட்டைக் காட்டினாள். "இது ஒன்பதும் நான் வேணும்னே வாய் மேல பாக்கற மாதிரி வெச்சது. பாவமாத்தான் இருந்துது. ஆனா திருப்பாம விட்டா என்ன ஆகும்னு வேற எப்படித் தெரிஞ்சுக்கறது?"

குனிந்து பார்த்தேன். வாய் மேலே பார்த்த ஓடுகளில் அடைப்புக் கற்களுக்கு நடுவே ஈரம் இறங்கியிருந்தது. இரண்டில் பச்சைப் பூசணம். கீழே பார்த்தவை எலும்புபோல் உலர்ந்திருந்தன.

"ஏப்ரல்ல வெளிய வரும்," என்றாள். "அப்ப எண்ணிடலாம்."

எந்தச் சங்கமும் கேட்காமல், எவரும் பதில் போடாமல், இந்தப் பெண் கேள்வியை அப்படியே விட்டுவிடாமல் அதன் பின்னால் போயிருக்கிறாள். என் தம்பிக்கும் இதே நோய்தான். அதனால் எனக்கு அது முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

வாக்குமூலத்தை அவள் மேசையிலேயே எழுதினோம். நான் சொல்லச் சொல்ல எழுதுவாள் என்று நினைத்தேன். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கையெழுத்திடும் முன் பேனாவைத் தூக்கிப் பிடித்தாள்.

"ரெண்டு விஷயம். 'நம்பத் தகுந்த பார்வையாளர்'னு போடக் கூடாது. என் பேரும் சாவடி பேரும் போடணும்."

"போடுவோம்."

"என் கேள்வியையும் போடணும். பதில் தெரியலன்னும் போடணும். ஏப்ரலுக்கு அப்புறம் நான் சொல்வேன்னும்."

ஒரு கட்டுரையின் முடிவில் 'தெரியவில்லை' என்று எழுத ஆம்ப்ரோஸ் சம்மதிப்பானா என்று வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். அவன் வாக்குமூலத்தைப் படித்தான். ஒன்பது ஓடுகளைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டான். கட்டுப்போட்ட காலை மறந்து எழுந்து நின்று, 'ஆ' என்று கத்தி மறுபடி உட்கார்ந்தான்.

"நான் ஏன் அக்கா இதைக் கேக்கவே இல்ல?"

"உனக்குத் துணி துவைச்சுக் காயப்போடற வேலை இல்ல. ஈரம் எங்க இறங்கும்னு நீ யோசிச்சதே இல்ல."

மார்ச் எட்டாம் தேதி கட்டுரை வாசிக்கப்பட்டது. கெசையா பின்னாக்கின் பெயர் மூன்று இடங்களில் வந்தது. லாங்ஸ்டாஃப் எழுந்து, காற்று உருட்டியிருக்கலாம் என்று தான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், சாவடிக்காரப் பெண்மணியின் ஏப்ரல் கணக்குக்காகக் காத்திருப்பதாகவும் சொன்னாராம். மேட்டின் மிச்சப் பத்தடியை வெட்டாமல் விடும்படி ஆம்ப்ரோஸ் சாலைப் பொறுப்பாளர்களுக்கு எழுதினான். ஒரு வரிதான். நாலாம் நாளே சரி என்று பதில் வந்துவிட்டது. ஜூலையிலும் அது ஒரு வரியாகத்தான் இருந்திருக்கும்.

மே மாத முதல் வாரத்தில் தார்ன்ஹேங்கரிலிருந்து ஒரு கனத்த உறை வந்தது. அதே நீலக் காகிதம். ஆனால் ஒவ்வொரு தாளிலும் ஒரு பக்கம் மட்டுமே எழுதியிருந்தாள், மறுபக்கம் காலி. ஒவ்வொரு பத்திக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தாள். வாய் கீழே பார்த்த முப்பத்திரண்டில் இருபத்தேழிலிருந்து தேனீக்கள் வெளியே வந்தன; அதன் கீழே 'கெசையா பின்னாக், மே 2.' வாய் மேலே பார்த்த ஒன்பதில் இரண்டிலிருந்து மட்டும் வந்தன, மற்றவற்றில் பூசணம். அதன் கீழே 'கெசையா பின்னாக், மே 2.' மிச்சப் பத்தடிப் புல்லில் நேற்று ஒரு தேனீ புதிய ஓட்டைத் திருப்பிக்கொண்டிருந்தது. 'கெசையா பின்னாக், மே 2.' வானிலை நன்றாக இருக்கிறது, வீட்டுக்காரருக்கு முதுகுவலி. அதன் கீழும் பெயர், தேதி.

கடைசியில் ஒரு வரி தனியாக இருந்தது: 'இனி எங்கே வெட்டினாலும் நான் இருப்பேன், அம்மா.'

ஆம்ப்ரோஸ் அன்றைக்கே பதில் எழுதினான். அவன் பென்சில் கோடு போட்ட பத்திகளை நான் வேறு தாளில் பெயர்த்து எழுதிக் கட்டுகளில் வைத்தேன். கடிதத்தை முழுதாக மடித்து என் மேசை இழுப்பறையில் வைக்கப்போனபோது டாபிதா தேநீரோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"நல்ல தடிமனான காகிதம்," என்றாள். "ஒரு பக்கம் வேற காலியா இருக்கு. கூடைக்கு எப்ப வரும்?"

"இது வராது டாபிதா."

"எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்றீங்க இப்பல்லாம். அப்புறம் ஐயா புகைக்குழாய்க்கு நான் எதைச் சுருட்டறது?"

லாங்ஸ்டாஃபின் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.